எம்.பி.ஏ.வில் மார்க்கெட்டிங் எடுக்கலாமா? கடலூர், புதுச்சேரி மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் கடலூர்க்காரி. பி.காம். முடித்துவிட்டுப் புதுச்சேரியில் எம்.பி.ஏ. படித்தேன், மார்க்கெட்டிங்தான் சிறப்புப் பாடம். அப்புறம் ஏழு வருஷம் கடலூர், பண்ருட்டி, விருத்தாசலம் லைனில் சேல்ஸ் ஆபீசராக வேலை பார்த்தேன். இப்போது மேலாண்மை மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறேன். டிகிரி ரிசல்ட் வந்த கையோடு ஊர்ப் பிள்ளைகளும் அவர்களுடைய அம்மா அப்பாவும் போன் பண்ணிக் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றுக்கு நிதானமாகப் பதில் எழுதி வைத்தால் எல்லோருக்கும் உதவும் என்று இதை எழுதுகிறேன்.

மார்க்கெட்டிங் என்றால் விற்பதுதானே? அதைப் படிக்க இரண்டு வருஷம் எதற்கு?

விற்பது அதில் ஒரு பகுதி. கையில் இருக்கிற சரக்கை எதிரே நிற்பவர் வாங்கும்படி செய்வது விற்பனை. யார் வாங்குவார், அவருக்கு எது தேவை, எந்த அளவில் வேண்டும், என்ன விலை கட்டுப்படியாகும், எந்தக் கடையில் கிடைத்தால் கை நீட்டுவார் என்று சரக்கு தயாராகும் முன்பே யோசிக்கத் தொடங்குவது மார்க்கெட்டிங்.

இதற்கு உதாரணம் தேடி அமெரிக்கா போக வேண்டாம். நம் கடலூரிலேயே இருக்கிறது. ஷாம்பு பாட்டிலில் மட்டும் வந்துகொண்டிருந்த காலம். பாட்டில் வாங்க ஒரு நாள் கூலி போய்விடும் என்பதால் பெரும்பாலான வீடுகளில் சீயக்காய்தான். கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன், கூலி வேலை செய்பவரும் வாங்கும்படி ஷாம்புவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்துத் தர நினைத்தவர். அவருக்குப் பிறகு பிள்ளைகள் வெல்வெட் ஷாம்புவைப் பாக்கெட்டில் விற்றார்கள். அதிலிருந்து தனியே பிரிந்து வந்த மகன் சி.கே. ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாய் முதலில் சொந்தத் தொழில் தொடங்கினார். அப்பாவின் பெயரிலிருந்து எடுத்து வைத்த பெயர்தான் ‘சிக்’. அந்தக் கம்பெனிதான் இன்றைய கெவின்கேர்.

அவர்கள் செய்ததை ஒவ்வொன்றாகப் பாருங்கள். கிராமங்களுக்குப் போய் ஒரு பையனுக்குத் தலை அலசிவிட்டு, முடியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்கள், முகர்ந்து பார்க்கச் சொன்னார்கள். எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் ஐந்து காலிப் பாக்கெட் கொண்டு வந்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்றார்கள். அது ஓடத் தொடங்கிய பின், சிக் காலிப் பாக்கெட்டுக்கு மட்டும்தான் இலவசம் என்று மாற்றினார்கள். முதல் திட்டம் அடுத்தவருடைய வாடிக்கையாளரை ஒரு முறை பயன்படுத்திப் பார்க்க வைக்கிறது. இரண்டாவது, பயன்படுத்தியவரைத் திரும்ப வர வைக்கிறது. மல்லிகை, ரோஜா வாசனைகளையும் கொண்டு வந்தார்கள். தினம் பூ வைக்கிற ஊரில் அந்த வாசனைக்கு வேறு விளக்கம் வேண்டுமா? தினக்கூலி வாங்குகிறவர் செலவையும் தினக் கணக்கில்தான் பார்ப்பார் என்பதைப் புரிந்துகொண்டதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. விற்பவரின் பேச்சுத் திறமை இதில் கடைசியாகத்தான் வருகிறது.

இப்படி யோசிக்கப் பழகுவதற்குத்தான் இரண்டு வருஷம்.

இரண்டு வருஷத்தில் என்னென்ன பாடம் இருக்கும்?

முதல் வருஷம் எல்லோருக்கும் பொதுவானது. கணக்குப் பதிவியல், நிதி, பொருளாதாரம், புள்ளியியல், மனிதவளம், உற்பத்தி ஆகியவற்றோடு ஒரு தாளாக மார்க்கெட்டிங் மேனேஜ்மெண்ட்டும் இருக்கும். இரண்டாம் வருஷம்தான் சிறப்புப் பாடங்கள்: நுகர்வோர் நடத்தை, சந்தை ஆய்வு, விற்பனையும் விநியோகமும், பிராண்ட், சேவைத் துறை மார்க்கெட்டிங், ஊரகச் சந்தை, டிஜிட்டல் என்று கல்லூரிக்குக் கல்லூரி கொஞ்சம் மாறும். நடுவில் கோடை விடுமுறையில் ஒரு ப்ராஜெக்ட்.

எல்லாவற்றிலும் விற்பனையும் விநியோகமும்தான் நம் பக்கத்துப் பிள்ளைகள் அலட்சியமாக விடுகிற தாள். முதல் வேலையில் அதுதான் சோறு போடும்.

நான்கு பி, எஸ்.டி.பி. என்று சொல்கிறார்களே, அதெல்லாம் பழைய பாடம்தானே அக்கா?

பழையதுதான். நான்கு பி-யை ஜெரோம் மெக்கார்த்தி 1960-ல் எழுதினார்: பொருள் (ப்ராடக்ட்), விலை (ப்ரைஸ்), கிடைக்கும் இடம் (ப்ளேஸ்), எடுத்துச் சொல்லும் விதம் (ப்ரொமோஷன்). 1967-ல் பிலிப் காட்லர் எழுதிய பாடநூல் அதை உலகம் முழுக்க வகுப்பறைக்குக் கொண்டு போனது. சந்தையைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று வெண்டல் ஸ்மித் எழுதியது அதற்கும் முன்னால், 1956-ல். சேவைத் தொழிலுக்கு ஆட்கள், செயல்முறை, கண்ணில் படும் சான்று என்று இன்னும் மூன்றைச் சேர்த்து ஏழாக்கியது பின்னால் வந்தவர்கள், 1981-ல். வருஷம் பழையதே தவிர, சந்தையைப் பார்க்க அந்தக் கண்ணாடி இன்றும் நன்றாகத்தான் இருக்கிறது. மனப்பாடம் செய்து பரீட்சையில் கொட்டினால்தான் பழசாகத் தெரியும்.

பண்ருட்டிக்குப் போய் ஒரு முந்திரிக் கிடங்கில் நின்று பாருங்கள். உடைத்துத் தோல் உரித்த பருப்பைப் பெண்கள் உட்கார்ந்து தரம் பிரித்துக்கொண்டிருப்பார்கள். முழுப் பருப்பில் டபிள்யூ 180, டபிள்யூ 240, டபிள்யூ 320 என்று ரகம். ஒரு பவுண்டு எடைக்கு ஏறத்தாழ எத்தனை பருப்பு நிற்கும் என்பதுதான் அந்த எண். எண் குறையக் குறையப் பருப்பு பெரிது, விலை அதிகம். அதற்கப்புறம் இரண்டாகப் பிளந்த பாதிப் பருப்பு, துண்டு, குருணை.

அதையே இப்போது வாங்குகிறவர் பக்கம் நின்று பாருங்கள். தீபாவளிக்குப் பெட்டி கட்டிப் பரிசு கொடுப்பவருக்குப் பெரிய முழுப் பருப்புதான் வேண்டும். பார்வைதான் அங்கே பொருள். பாயசத்துக்கு நெய்யில் வறுத்துப் போடும் குடும்பத்துக்குப் பாதிப் பருப்பே போதும். ஸ்வீட் கடையில் கத்லிக்கு எப்படியும் அரைக்கப் போகிறார்கள், அவர்களுக்குத் துண்டு போதும். ஒரே மரத்துக் கொட்டை, மூன்று வாடிக்கையாளர், மூன்று விலை, மூன்று விதமான பாக்கெட். பிரித்துப் பார் (செக்மென்டேஷன்), எவரைப் பிடிக்கப் போகிறாய் என்று முடிவு செய் (டார்கெட்டிங்), அவர் மனதில் எந்த இடம் என்று தீர்மானி (பொசிஷனிங்): எஸ்.டி.பி. என்பது இவ்வளவுதான். அந்தக் கிடங்கில் தரம் பிரிக்கிற அம்மாவுக்கு இந்தப் பெயர் தெரியாது; விஷயம் அவர் விரல் நுனியில் இருக்கிறது.

பலாப்பழத்திலும் ஒரு பாடம் உண்டு. நுகர்வோர் பொருளை வாங்குவதில்லை, அந்தப் பொருள் செய்து தரும் வேலையை வாங்குகிறார் என்று தியடோர் லெவிட் விளக்கியிருக்கிறார். துளை போடும் கருவி வாங்குகிறவருக்கு வேண்டியது துளை. நம் ஊர்க் கணக்கில், பலாப்பழம் வாங்குகிறவருக்கு வேண்டியது சுளை. சென்னையில் மூன்று பேர் இருக்கிற வீட்டில் பதினைந்து கிலோ பழத்தை வைத்துக்கொண்டு, எண்ணெய் தடவிப் பிசினோடு யார் மல்லுக்கட்டுவார்கள்? அதனால்தான் பண்ருட்டி ரோட்டோரத்தில் பழத்தை அடுக்கி வைத்துவிட்டு, பக்கத்திலேயே சுளையாக எடுத்தும் விற்கிறார்கள்.

எனக்குக் கணக்கு வராது. அதனால்தான் ஃபைனான்ஸ் வேண்டாம், மார்க்கெட்டிங் எடுக்கலாம் என்று இருக்கிறேன். சரிதானே?

இந்தக் காரணத்துக்காக எடுக்காதீர்கள். மார்க்கெட்டிங்கில் பெரிய கணக்கு இல்லை, ஆனால் தினமும் கணக்கு உண்டு.

கடைக்காரர் ஒரு பொருளை 80 ரூபாய்க்கு வாங்கி 100-க்கு விற்கிறார். லாபம் எத்தனை சதவீதம்? வாங்கிய விலையின் மேல் பார்த்தால் 25. விற்ற விலையின் மேல் பார்த்தால் 20. கம்பெனியில் மார்ஜின் என்று சொல்லும்போது எதன் மேல் என்பது தெரியாமல் பேசினால், கடைக்காரருக்கான ஒரு சலுகைத் திட்ட (ஸ்கீம்) அறிவிப்பிலேயே கை சுட்டுவிடும்.

இன்னொரு கணக்கு. எண்கள் புரிவதற்காக நான் வைத்துக்கொண்டவை. நூறு கிராம் முந்திரிப் பாக்கெட்டைக் கடைக்கு 120 ரூபாய்க்குப் போடுகிறீர்கள். பருப்பு 88, கவரும் லேபிளும் 4, கொண்டு போய்ச் சேர்க்க 3, ஆக 95 ரூபாய். பாக்கெட்டுக்கு 25 ரூபாய் மிஞ்சுகிறது. வாடகை, இரண்டு பேர் கூலி, கரண்ட் எல்லாம் சேர்த்து மாதம் 30,000 என்றால், 1,200 பாக்கெட் விற்றால்தான் கைக்கும் வாய்க்கும் சரியாக இருக்கும். 25 கடை இருந்தால் கடைக்கு 48.

இப்போது, ‘அஞ்சு ரூபா குறைச்சுப் போடுங்க, நல்லா ஓடும்’ என்று ஒருவர் சொல்கிறார். 120-ல் 5 என்பது நாலு சதவீதம் சொச்சம், கேட்கச் சின்னதுதான். ஆனால் மிஞ்சுவது 25-லிருந்து 20 ஆகிவிட்டதே! இனி 1,500 பாக்கெட் விற்க வேண்டும். நாலு சதவீதம் விலை குறைத்ததற்கு இருபத்தைந்து சதவீதம் கூடுதலாக விற்றால்தான் பழைய இடத்திலேயே நிற்கலாம். இந்தக் கணக்கை மனதிலேயே போடத் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் வேலையில் உள்ள வித்தியாசத்தை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

எட்டாம் வகுப்புச் சதவீதக் கணக்கு தெரிந்தால் போதும். அதில் பயம் இருந்தால் சேரும் முன்பே உட்கார்ந்து தீர்த்துவிடுங்கள்.

எந்த டிகிரி வேண்டும்? என்ன தேர்வு எழுத வேண்டும்?

எந்த இளநிலைப் பட்டமும் போதும். பி.ஏ. தமிழ் முடித்தவரும் சேரலாம், பொறியியல் முடித்தவரும் சேரலாம். பொதுவாக 50 சதவீத மதிப்பெண் கேட்பார்கள், இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு.

தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்கு அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் நுழைவுத் தேர்வு. ஐ.ஐ.எம். போன்ற இடங்களுக்கு கேட் (CAT) நுழைவுத் தேர்வு. அது வழக்கமாக நவம்பர் மாதக் கடைசி ஞாயிறு. டான்செட்டிலும், கேட் தேர்வில் கொடுத்த விடைகளிலிருந்து தேர்ந்தெடுக்கும் கேள்விகளிலும் தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பார்கள் என்பதால் குருட்டாம்போக்கில் குறிக்கக் கூடாது. புதுச்சேரியில் சேர நினைப்பவர்கள், போன வருஷம் படித்த அண்ணன் சொன்னதை வைத்து முடிவெடுக்காமல், அந்தந்த ஆண்டின் சேர்க்கை அறிவிப்பை வரி விடாமல் படியுங்கள். சேர்க்கை விதிகள் மாறக்கூடியவை.

நான் தமிழ் மீடியம். வகுப்பில் எல்லோரும் இங்கிலீஷில் பேசுவார்களே?

இந்தக் கேள்வியைத்தான் குரல் தாழ்த்திக் கேட்பார்கள். நானும் தமிழ் மீடியம்தான்.

முதல் செமஸ்டரில் வகுப்பில் பேச எழுந்தால் தொண்டை அடைத்துக்கொள்ளும். சொல்ல வேண்டியது மனதில் முழுசாக இருக்கும். வாய்க்கு வரும்போது பாதி காணாமல் போய்விடும். நான் செய்தது இதுதான். மறுநாள் பேசப்போகும் கேஸை, அதாவது வகுப்பில் அலசக் கொடுத்த கம்பெனிக் கதையை, ராத்திரி தமிழில் ஒரு பக்கம் எழுதுவேன். யாருக்கு என்ன சிக்கல், என்ன வழி, ஏன் அந்த வழி என்று. அப்புறம் அதிலிருந்து ஐந்தே ஐந்து வாக்கியத்தை மட்டும் ஆங்கிலத்தில் எழுதிச் சத்தம் போட்டுப் படிப்பேன். வகுப்பில் அந்த ஐந்தையும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவேன். இரண்டாவது செமஸ்டரில் ஐந்து பத்தாயிற்று. யோசனை தெளிவாக இருந்தால் மொழி பின்னாலேயே வந்து சேர்ந்துவிடும்.

வேலைக்குப் போன பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். மாத மீட்டிங்கும் மெயிலும் ஆங்கிலம். மீதி நாள் முழுக்க விருத்தாசலம் கடைத்தெருவில் தமிழ்தான். கடைக்காரர் எரிச்சலில் சொன்னதைச் சொன்ன மாதிரியே புரிந்துகொண்டு வரத் தெரிந்தவர்களைக் கம்பெனிகள் தேடித்தான் எடுக்கின்றன. உங்கள் தமிழைக் குறையாக நினைக்காதீர்கள். ஆங்கிலத்தையும் கற்றுக்கொள்ளுங்கள், அதைத் தவிர்க்க வழி இல்லை.

கடலூரா, புதுச்சேரியா? எங்கே படிப்பது?

கடலூரிலிருந்து புதுச்சேரி பஸ்ஸில் ஒரு மணி நேரம். வீட்டிலிருந்து போய் வருகிறவர்கள் நிறைய. காலாப்பட்டில் உள்ள புதுச்சேரிப் பல்கலைக்கழகம் 1985-ல் தொடங்கிய மத்தியப் பல்கலைக்கழகம். அங்கே மேலாண்மைத் துறை இருக்கிறது, பல மாநிலத்துப் பிள்ளைகள் வருவார்கள். கடலூர் மாவட்டத்தின் தென்பக்கம் சிதம்பரத்தில் 1929-ல் நிறுவிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம். வேலைக்குப் போய்க்கொண்டே படிக்க நினைப்பவர்களுக்கு இரண்டு பல்கலைக்கழகங்களிலும் தொலைநிலைக் கல்வியும் உண்டு. இவை தவிரத் தனியார் கல்லூரிகள் இரண்டு பக்கமும் இருக்கின்றன.

தனியார் கல்லூரியில் சேரும் முன் மூன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தொழில்நுட்ப, மேலாண்மைக் கல்லூரிகளுக்கு அனுமதி தரும் மத்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ.-யின் அனுமதி இருக்கிறதா? பாடம் நடத்துபவர்களில் எத்தனை பேர் வெளியே வேலை பார்த்து வந்தவர்கள்? போன வருஷம் மார்க்கெட்டிங் எடுத்தவர்கள் இன்று எங்கே வேலை செய்கிறார்கள்? மூன்றாவது கேள்விக்குச் சுவரில் மாட்டிய போட்டோவைக் காட்டினால் போதாது. அதில் இரண்டு பேருடைய போன் நம்பரைக் கேட்டு வாங்கிப் பேசுங்கள். தொலைநிலைப் படிப்பு என்றால் யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) அங்கீகாரத்தை அந்த வருஷத்துக்குச் சரிபாருங்கள்.

படிக்கிற இடத்தில் உள்ள சந்தையும் ஒரு வகுப்பறை. முள்ளோடை எல்லையை எடுத்துக்கொள்ளுங்கள். ரோட்டில் ஒரு கோடு. அந்தப் பக்கம் புதுச்சேரி, இந்தப் பக்கம் கடலூர் மாவட்டம். வரி வித்தியாசத்தால் அந்தப் பக்கம் பெட்ரோல் லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு. கடலூரிலிருந்து வேலையாகப் போகிறவர் திரும்பும்போது டேங்கை நிரப்பிக்கொண்டுதான் எல்லை தாண்டுவார். எல்லைக்குப் பக்கத்திலேயே இருக்கும் ரெட்டிச்சாவடிக்காரர் அதற்கென்றே வண்டி எடுப்பார். தள்ளி இருக்கும் நெல்லிக்குப்பத்துக்காரர் அதற்காக மட்டும் வரமாட்டார். விலை வித்தியாசம் எவ்வளவு தூரத்து ஆளை இழுக்கும் என்று பாடப்புத்தகம் படம் போட்டு விளக்குகிறது. நம் ஊரில் பங்க்கில் நிற்கும் வண்டிகளின் நம்பர் பிளேட்டை எண்ணினாலே போதும், அது ஒரு நல்ல ப்ராஜெக்ட்.

ப்ராஜெக்ட் என்றதும் ஞாபகம் வந்தது. சம்மர் ப்ராஜெக்டை எங்கே, எப்படிச் செய்வது? சீனியருடைய ரிப்போர்ட்டைத் தலைப்பு மாற்றிக் கொடுக்கிறார்களே?

கொடுக்கிறார்கள். அதைச் செய்யாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். இரண்டு வருஷத்தில் நீங்களே ஒரு கேள்வியைக் கேட்டு, நீங்களே விடை தேடும் ஒரே வாய்ப்பு அது. இன்டர்வியூவில் முதல் பத்து நிமிஷமும் அதைப் பற்றித்தான் கேட்பார்கள். இரண்டாவது கேள்வியிலேயே வெளுத்துப் போகும்.

என் முதல் ஆய்வில் நடந்ததைச் சொல்கிறேன். பாக்கெட் மசாலாத் தூள் எவ்வளவு பேர் வாங்குகிறார்கள் என்று கண்டுபிடிக்க வேண்டும். புதுச்சேரிப் பெரிய மார்க்கெட் வாசலில் காலை பதினொரு மணிக்கு நின்று, மூன்று நாளில் நூறு படிவம் நிரப்பினேன். முக்கால்வாசிப் பேர் வீட்டிலேயே அரைப்பதாகச் சொன்னார்கள். புதுச்சேரி இன்னும் அம்மியை விடவில்லை என்று முடிவே எழுதிவிட்டேன். என் கைடு படிவங்களைப் புரட்டிவிட்டு ஒன்றுதான் கேட்டார்: ‘இதுல வேலைக்குப் போற பொம்பளைங்க எத்தனை பேரும்மா?’ நூற்றில் நாலு. வேலை நாளில் பதினொரு மணிக்கு மார்க்கெட்டுக்கு வருகிறவர் யார்? வீட்டில் நேரம் இருப்பவர். பாக்கெட் தூள் வாங்குகிறவர் அந்த நேரம் ஆபீசில் இருந்தார். பிறகு சாயங்காலம் ஆறரைக்கு பஸ் ஸ்டாண்டு பக்கத்து மளிகைக் கடைகளில் நின்று மறுபடி நூறு படிவம். முடிவு தலைகீழாகிவிட்டது.

இன்னொரு தவறும் அதில் இருந்தது. ‘தரமான தூள் குறைந்த விலையில் கிடைத்தால் வாங்குவீர்களா?’ என்று ஒரு கேள்வி வைத்திருந்தேன். யார் மாட்டேன் என்பார்கள்? ‘வாங்குவீர்களா’ என்று கேட்காமல் ‘கடைசியாக எப்போது வாங்கினீர்கள், எங்கே, எத்தனை கிராம்’ என்று கேளுங்கள். மனிதர்கள் இனிமேல் செய்யப் போவதைப் பற்றி நல்ல எண்ணத்தில் மிகைப்படுத்துவார்கள். செய்ததைப் பற்றிக் கேட்டால் உண்மை வரும்.

இடத்துக்குப் பஞ்சமே இல்லை. ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரி காந்தி வீதியில் போடும் சண்டே மார்க்கெட்டில் விலை எப்படிப் படிகிறது என்று பார்க்கலாம். வில்லியனூர் சுடுமண் சிற்பம், திருக்கனூர் காகிதக் கூழ் பொம்மை இரண்டுக்கும் புவிசார் குறியீடு இருக்கிறது. வாங்குகிறவருக்கு அது தெரிகிறதா, தெரிந்தால் கூடுதல் விலை கொடுக்கிறாரா என்று கேட்கலாம். நெய்வேலியில் சம்பள வாரத்துக்கும் மாதக் கடைசிக்கும் நடுவில் கடைகளில் வாங்கும் பாக்கெட் அளவு எப்படி மாறுகிறது என்று எழுதலாம். பெரிய கம்பெனிப் பெயர் போட்ட சர்டிபிகேட்டைவிட, ஒரு சின்னக் கடைக்காரர் ‘இந்தப் பொண்ணு சொன்னதைச் செஞ்சேன், ஓடுது’ என்று சொல்லும் ரிப்போர்ட் எனக்கு உயர்ந்தது.

பொண்ணுங்களுக்கு மார்க்கெட்டிங் சரிப்படுமா? எங்கள் வீட்டில் ஹெச்.ஆர். எடு என்கிறார்கள்.

ஹெச்.ஆர். பிடித்திருந்தால் எடுங்கள். வீட்டில் சொல்கிறார்கள் என்பதற்காக மட்டும் எடுக்காதீர்கள்.

அலைச்சல் உண்டு, மறைக்க மாட்டேன். சித்திரை வெயிலில் வண்டி ஓட்டியிருக்கிறேன். லைனில் கழிப்பறை கிடைப்பதுதான் பெரிய கஷ்டம். எந்த பங்க், எந்த ஹோட்டல், எந்த டிஸ்ட்ரிபியூட்டர் (கம்பெனிச் சரக்கை எடுத்துக் கடைகளுக்குப் போடுபவர்) வீடு என்று முதல் வாரத்திலேயே ஒரு பட்டியல் மனதில் இருக்கும். முதல் மாதம் கடைக்காரர்கள் என்னிடம் பேசாமல் கூட வந்த சேல்ஸ்மேன் தம்பியிடமே பேசினார்கள். ஒரு கடையில், சேதமான சரக்குக்குக் கம்பெனி தர வேண்டியிருந்த பழைய பாக்கியை மேலதிகாரிகளுக்கு எழுதி வாங்கிக் கொடுத்தேன். அடுத்த வாரத்திலிருந்து ‘மேடம் வந்தாச்சு, சேர் போடுடா’ ஆகிவிட்டது. பேச்சை நம்பாவிட்டாலும் பணத்தைத் திரும்ப வாங்கிக் கொடுப்பவரை நம்புவார்கள்.

வீட்டுக்குள் போய் அம்மாக்களிடம் பேசும் ஆய்வில் எங்களுக்குக் கிடைக்கும் தகவல் ஆண்களுக்குக் கிடைக்காது. பிராண்ட், ஆய்வு, டிஜிட்டல் என்று அலைச்சல் குறைவான பக்கங்களும் இருக்கின்றன. ஆனால் முதல் இரண்டு வருஷம் ஃபீல்டில் இருந்துவிட்டுப் போங்கள் என்பதே என் யோசனை. வீட்டில் பேச வேண்டுமானால் அப்பாவை ஒரு நாள் என்னிடம் பேசச் சொல்லுங்கள் என்று என் மாணவிகளிடம் சொல்வதுண்டு. பேசியும் இருக்கிறேன்.

என்ன வேலை கிடைக்கும்? டார்கெட் தொல்லை உண்டாமே?

பெரும்பாலும் சேல்ஸ் ஆபீசர் அல்லது மேனேஜ்மெண்ட் டிரெயினியாகத் தொடங்கி ஏரியா மேனேஜர் என்று போகும். வங்கி, இன்சூரன்ஸ், மருந்து, ரீடெய்ல் எல்லாவற்றிலும் இடம் உண்டு. டார்கெட் இல்லாத வேலை இதில் இல்லை.

அதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் முதலில் வேலை பார்த்த கம்பெனியில் மாதக் கடைசியில் டிஸ்ட்ரிபியூட்டர் தலையில் சரக்கைக் கட்டுவது வழக்கம். ஒரு மார்ச் 30-ம் தேதி, டார்கெட்டுக்கு நாற்பது பெட்டி குறைந்தது. பண்ருட்டிப் பக்கத்து டிஸ்ட்ரிபியூட்டர் ஒருவர், வயதானவர், என்னை மகளாக நினைப்பவர். ‘அடுத்த மாசம் நான் ஓட்டிக் கொடுத்துடறேன்பா’ என்று சொல்லி இறக்கிவிட்டேன். எனக்கு இன்சென்டிவ் வந்தது. ஜூலையில் கிடங்குக்குக் கூப்பிட்டார். இருபத்தேழு பெட்டி அப்படியே இருந்தது, மேல் வரிசையில் எலி கடித்த ஓட்டை, தேதி முடிய ஐந்து வாரம். அவர் திட்டவில்லை. ‘நீயே பாரும்மா’ என்று டார்ச் லைட்டை என் கையில் கொடுத்தார். கம்பெனி பாதியைத்தான் திரும்ப எடுத்தது. அன்றிலிருந்து நான் கம்பெனி அவருக்கு விற்றதைக் கணக்கில் எடுப்பதில்லை. அவர் கடைகளுக்கு விற்றதையும், கடையிலிருந்து வீட்டுக்குப் போனதையும்தான் விற்பனை என்று எழுதுவேன். மாணவர்களுக்கும் அதையே சொல்லிக் கொடுக்கிறேன். டார்கெட் வரும்போது இந்த இருபத்தேழு பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். வேறு வேலை தேடிக்கொள்ளலாம், அப்படிப்பட்ட மனிதரின் நம்பிக்கையைத் திரும்பச் சம்பாதிக்க முடியாது.

டிஜிட்டல் மார்க்கெட்டிங் மூன்று மாத கோர்ஸ் போதாதா?

கருவியைக் கற்றுக்கொள்ள மூன்று மாதம் போதும். யாருக்கு, என்ன சொல்லி, எந்த விலையில் என்ற கேள்விக்கு அந்தக் கருவி பதில் சொல்லாது. இரண்டும் வேண்டும். எம்.பி.ஏ. படிக்கும்போதே ஒரு சின்னக் கடைக்கு வாட்ஸாப், இன்ஸ்டாகிராம் பக்கம் நடத்திப் பாருங்கள். விளம்பரத்துக்குச் செலவழித்த 500 ரூபாயில் எத்தனை போன் வந்தது, அதில் எத்தனை பேர் வாங்கினார்கள் என்று எழுதி வையுங்கள்.

அப்பாவுக்குக் கடலூர் முதுநகரில் கடை இருக்கிறது. அதைத்தான் பார்க்கப் போகிறேன். எனக்கு எம்.பி.ஏ. எதற்கு?

கண்டிப்பாக வேண்டும் என்று சொல்ல மாட்டேன். கட்டணத்துக்குக் கடன் வாங்க வேண்டிய நிலை என்றால் அந்தப் பணத்தைச் சரக்கில் போடுவதே மேல். வசதி இருந்து, படித்துவிட்டு வந்தால், அப்பாவின் கடன் நோட்டு உங்கள் கண்ணுக்கு வேறு மாதிரி தெரியும். யார் எந்தத் தேதியில் வாங்குகிறார், எப்போது கொடுக்கிறார், எந்தச் சரக்கு வாங்க வந்து வேறு எதைச் சேர்த்து வாங்கிப் போகிறார் என்று பெரிய கம்பெனிகள் கோடி கொட்டிச் சேகரிக்கும் தகவல் அந்த நீள நோட்டில் முப்பது வருஷத்துக்கு இருக்கிறது. அதைக் குறையாக நினைத்துக் கம்ப்யூட்டர் பில்லை மட்டும் கொண்டுவந்து அப்பாவோடு சண்டை போடாதீர்கள். முதலில் அந்த நோட்டைப் படியுங்கள்.

சேர இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. என்ன செய்யலாம்?

சதவீதக் கணக்கு, தினமும் ஆங்கிலத்தில் ஒரு பக்கம் சத்தம் போட்டு வாசிப்பது, இந்த இரண்டும் வீட்டில்.

வெளியே ஒன்று. தெரிந்த மளிகைக் கடைக்காரரிடம் அனுமதி கேட்டு, கல்லாவுக்குப் பக்கத்தில் மாதம் ஐந்தாம் தேதி ஒரு மணி நேரமும், இருபத்தெட்டாம் தேதி ஒரு மணி நேரமும் நில்லுங்கள். திருப்பாதிரிப்புலியூரில் நான் அப்படி நின்றபோது ஒரு அம்மா வந்து ‘ஷாம்பு ரெண்டு குடுப்பா’ என்றார். எந்த ஷாம்பு என்று சொல்லவில்லை. கடைக்காரர் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை உயர்த்தினார்; தலைக்கு மேல் ஆறு சரம் தொங்கியது, கைக்கு எட்டிய சரத்திலிருந்து இரண்டைக் கிழித்துக் கொடுத்தார். அந்த அம்மாவும் வாங்கிக்கொண்டு போனார். அந்தச் சரத்தை அந்த ஆணியில் மாட்டியது யார், எப்போது, எதற்காகக் கடைக்காரர் சம்மதித்தார் என்று அவரிடமே கேளுங்கள். அவர் சொல்வதை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொண்டு, முதல் நாள் வகுப்புக்கு அந்த நோட்டோடு வாருங்கள்.